அளவுக்குப் பிறகுதான் கொசுறு

பதினொரு வயதில் என்னிடம் ஒரு பொன்மொழி நோட்டு இருந்தது. மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் அப்பா வேலை பார்த்த மளிகைக் கடையின் சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கும். இராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே ஒரு குறளோ பழமொழியோ பெரியவர் ஒருவரின் வாசகமோ அச்சிட்டிருக்கும். கடை சாத்தும்போது அப்பா அன்றைய தாளைக் கிழித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். தாளில் மல்லித்தூள் வாசனை அடிக்கும். நான் அந்த வாசகத்தை நோட்டில் எண்ணிட்டு எழுதிக்கொள்வேன். இரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை அறுநூறைத் தொட்டது.

சென்ற பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அந்த நோட்டு கிடைத்தது. ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து முழுவதும் படித்தேன். எல்லாமே நல்ல வாசகங்கள். ஆனால் இந்த ஐம்பத்திரண்டு வயதில் எதை வைத்துக்கொண்டு நான் வாழ்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் ஐந்தாறுதான் தேறின. மற்றவை ஏன் உதிர்ந்தன, இவை மட்டும் ஏன் நின்றன என்ற கேள்வி அன்றிலிருந்து மனத்தை விட்டு அகலவில்லை.

நான் கணக்கெழுதிப் பிழைப்பவள். பற்றும் வரவும் நேராகாமல் மேசையை விட்டு எழுந்து பழக்கமில்லை. அந்தப் பழக்கம்தான் வாசகங்களிலும் வேலை செய்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. மாலையில் சரிபார்க்க முடிந்தவை மட்டுமே என்னோடு தங்கியிருக்கின்றன. 'உயர்ந்த எண்ணம் கொள்' என்று நோட்டில் 212-ஆம் எண்ணில் எழுதியிருக்கிறேன். கொண்டேனா இல்லையா என்று இரவு படுக்கும்போது எதை வைத்துச் சொல்வது? 'எடையில் குறைக்காதே' என்றால் சொல்லிவிடலாம். குறைத்திருந்தால் கைக்குத் தெரியும்.

அப்பா 1950களில், மீசை அரும்பும் வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்று கொன்றை வேந்தன் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய தலைமுறை. ஊரில் ஒரு திண்ணை வாத்தியாரிடம் மூன்று ஆண்டு படித்ததோடு சரி. ஆனால் ஆத்திசூடியின் நூற்றொன்பது அடிகளும் அவருக்கு மனப்பாடம். சரக்கு மூட்டை எண்ணும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் 'அறம் செய விரும்பு, ஆறுவது சினம்' என்று அடி அடியாகச் சொல்லிக்கொண்டே போய், எந்த அடியில் மூட்டை முடிந்ததோ அதை வைத்து எண்ணிக்கை சொல்வார். நாங்கள் சிறுவர்கள் ஓடிப்போய்த் தனியாக எண்ணிப் பார்ப்போம். ஒருமுறையும் தவறியதில்லை.

அவர் முதலில் சேர்ந்த கடையின் பெயர் இங்கே வேண்டாம். அந்தக் கடை இன்று இல்லை. அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி அவருக்குச் சில பாடங்கள் சொல்லித் தந்தார். மிளகாய் வற்றலில் தண்ணீர் தெளித்து மூட்டை கட்டி வைப்பது. பொட்டலத்துக்குத் தடித்த தாளாகத் தேர்ந்தெடுப்பது. சரக்கு வைக்கும் தட்டின் அடிப்பக்கத்தில் விரல் நுனி அளவு புளியை ஒட்டிவிடுவது. அந்தப் புளியை அப்பா பதினொரு மாதம் ஒட்டினார். கப்பல் டிக்கெட்டுக்கு வாங்கிய கடன் அடைந்த மறுநாள் வேலையை விட்டுவிட்டார். இதை எங்களிடம் அவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லும்போது ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து உருட்டிக் காட்டியது எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் விரலுக்கு அந்தப் புளியின் அளவு தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிந்த அப்பா இரண்டாவது கடையின் அப்பா. பள்ளி விடுமுறையில் அவரோடு போய்விடுவேன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை சாமி படத்துக்கு ஊதுபத்தி. இரண்டாவது வேலை வெறும் தராசைத் தூக்கிப் பார்ப்பது. உத்தரத்துக் கொக்கியில் சங்கிலியால் தொங்கும் பெரிய தராசு அது. இரண்டு தட்டுகளையும் துணியால் துடைப்பார், அடிப்பக்கத்தையும் சேர்த்து. பிறகு கையை எடுத்துவிட்டு, ஆட்டம் அடங்கும் வரை காத்திருப்பார். முள் நடுவில் வந்து நின்ற பிறகுதான் முதல் வாடிக்கையாளரைப் பார்ப்பார். யாராவது அவசரப்படுத்தினால், 'கொஞ்சம் பொறுங்கள் அண்ணே, இது இன்னும் எழுந்திருக்கவில்லை' என்பார்.

துவரம்பருப்பு கேட்டால், பருப்புத் தட்டில் ஒரு பழைய செய்தித்தாளை வைப்பார். அதே அளவுக்குக் கிழித்த இன்னொரு தாளை எடைக்கல் இருக்கும் தட்டிலும் வைப்பார். எடைக்கல்லுக்கு எதற்குத் தாள் என்று எனக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது.

'அவர்கள் பருப்பு வாங்க வந்திருக்கிறார்கள் அம்மா. தாள் வாங்க வரவில்லை' என்றார்.

பொட்டலம் மடித்து, நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு அறுத்த பிறகு ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலை எடுத்து மேலே வைப்பார். பிள்ளைகள் கூட வந்திருந்தால் ஒரு கல்கண்டு. முடிச்சு விழுவதற்கு முன்னால் கொசுறுப் பக்கம் அவர் கை போனதே இல்லை. கடையில் அப்போது உதவிக்கு இருந்த இளைஞர் ஒருவர் கொசுறு அள்ளிக் கொடுப்பதில் பேர்போனவர். பெண்கள் அவரிடம்தான் பொட்டலம் கட்டச் சொல்லி நிற்பார்கள். ஒரு நாள் அவர் கட்டிய சர்க்கரைப் பொட்டலத்தை அப்பா மறுபடி தராசில் வைத்தார். குறைந்தது. அப்பா சத்தம் போடவில்லை. குறைந்த சர்க்கரையைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த இளைஞரிடம் இவ்வளவுதான் சொன்னார்: 'தம்பி, அளவுக்குப் பிறகுதான் கொசுறு.'

என் நோட்டில் இந்த வாசகம் இல்லை. நாட்காட்டித் தாளில் அச்சாகாதது என்பதால் அந்த வயதில் அதை வாசகமாகவே நான் எண்ணவில்லை. இன்று எனக்கு முதல் வாசகம் இதுதான். தொழிலில் இதன் உண்மையை நாள்தோறும் பார்க்கிறேன். தீபாவளிக்குப் பெரிய பழக்கூடை அனுப்பும் முதலாளி, மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலியைக் கணக்கிடும்போது அரைமணி நேரத்தை விழுங்கிவிடுகிறார். கூலிக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. பத்தாம் தேதி வரை இழுத்தடித்துவிட்டுப் பதினோராம் தேதி எல்லாருக்கும் நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு வாங்கித் தருகிறவரைத் தொழிலாளர்களே 'தங்கமான மனிதர்' என்று புகழ்கிறார்கள். கொசுறு கண்ணுக்குத் தெரிகிறது, குறைந்த அளவு தெரிவதில்லை. வீட்டிலும் இதே கதைதான். மகனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று நான் செலவழித்த பணமும், அந்த ஆண்டு அவனோடு உட்கார்ந்து சாப்பிட்ட இரவுகளும் என்று ஒரு முறை எழுதிப் பார்த்தேன். எழுதிய தாளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. கைப்பையில் மடித்து வைத்திருக்கிறேன்.

பள்ளியில் ஆத்திசூடி சொல்லித் தந்த ஆசிரியை 'அஃகஞ் சுருக்கேல்' என்ற பதின்மூன்றாம் அடிக்கு வந்ததும், இது ஆய்த எழுத்துக்காக வந்த அடி, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று நகர்ந்துவிட்டார். அகரம் முதல் ஔகாரம் வரை பன்னிரண்டு உயிர், அடுத்து ஆய்தம், ஆகப் பதின்மூன்று. அஃகம் என்றால் தானியம், அதை அளக்கும்போது குறைக்காதே என்பது பொருள் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் உரையில் படித்தேன். வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னபோது, 'அதற்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்?' என்று வியந்தார். அவருக்கு அது தொடக்கத்திலிருந்தே கடைக்காரனுக்குச் சொன்ன அடி. ஔவை நேராகக் கல்லாப்பெட்டியைப் பார்த்துச் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

குறளில் இதற்கு அண்டை வீடு நடுவுநிலைமை அதிகாரம். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்பது 118-ஆம் குறள். எனக்கு அதில் 'சமன்செய்து' என்ற சொல்லின் மேல்தான் காதல். தராசு முதலில் தான் சமனாக நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிறர் சரக்கை எடை பார்க்கலாம். அப்பா காலையில் வெறும் தராசின் முன் நின்ற அந்த அரை நிமிடம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் வாணிகருக்கே எழுதப்பட்டது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகருக்கு வாணிகம் என்கிறது. இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு ஒரு துறைமுகத் தீவில், 1816-இல் பினாங்கு பிரீ பள்ளியில் தொடங்கியது என்பதை 2016-இல் இருநூறாம் ஆண்டு விழா எடுத்துக் கொண்டாடினோம். கப்பலும் கிட்டங்கியும் தராசும் நிறைந்த ஊரில் நம் படிப்புத் தொடங்கியிருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அஃகம் என்றால் என்னவென்று சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஓர் அடிக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். ஒரு சிறு தராசைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

அம்மாவின் வாசகமும் அளவைப் பற்றியதே. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.' எங்கள் வீட்டில் அரிசி அளப்பது கெட்டிப்பால் டின்னால். காலித் தகரத்தின் விளிம்பைத் தேய்த்து மழுக்கி வைத்திருப்பார். நான்கு டின் அளந்து பாத்திரத்தில் கொட்டுவார். பிறகு அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து, அடுப்புக்கு மேல் தட்டில் இருக்கும் சின்னப் பானையில் போடுவார். பிடியரிசி. மாதக் கடைசியில் அது ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் சோறாகும். யாராவது கேட்டு வந்தால் அந்தப் பானையிலிருந்துதான் போகும். வராவிட்டால் கோயில் அன்னதானத்துக்கு. 'ஐயம் இட்டு உண்' என்பதை அம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் மாலையில் அந்தப் பானையை எட்டிப் பார்த்தால் அன்றைக்கு ஒரு பிடி விழுந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அந்த அடுக்களையில்தான் நான் ஒரு வாசகத்தை அடித்தும் எறிந்தேன். நோட்டில் 87-ஆம் எண்: 'உண்டி சுருங்குதல் பெண்டிற்கு அழகு.' இதுவும் கொன்றை வேந்தன்தான். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. பதின்மூன்று வயதில் ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, எல்லாரும் சாப்பிட்டு முடித்த குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, சட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, நின்றபடியே அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டியைச் சற்று மறைத்தார். மறைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் அளந்து கொடுத்தவருக்கு அளவு வைக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. திரும்பிப் போய் நோட்டை எடுத்து 87-ஐப் பேனாவால் இழுத்து அடித்தேன். தாள் கிழிந்திருப்பது இப்போதும் தெரிகிறது.

பழைய வாசகங்களுக்குப் புதுப் பொருள் கண்டுபிடித்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உடல்நலத்துக்காகச் சொன்னது, அந்தக் காலச் சூழல் வேறு, உண்மையான பாடம் வேறு என்றெல்லாம் விளக்குவார்கள். 'தையல் சொல் கேளேல்' என்ற ஆத்திசூடி அடிக்கும் அப்படிப் பல விளக்கங்கள் உண்டு. அந்த உழைப்பு தேவையில்லை என்பது என் கருத்து. முன்னோர் தந்த மூட்டையில் கல் இருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு அரிசியைச் சமைக்கலாம். ஆத்திசூடியின் மீது எனக்குள்ள அன்பு அதனால் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. என் வீட்டில் சமைத்தவர் யாராக இருந்தாலும் அவர் உட்காராமல் முதல் கவளம் எடுப்பதில்லை. அம்மா தம் கடைசி எட்டு ஆண்டுகள் என்னோடுதான் இருந்தார். தட்டு வைத்து உட்கார வைத்தால் முதல் சில மாதங்கள் சங்கடத்தோடு விளிம்பில் அமர்ந்திருப்பார். பிறகு பழகிவிட்டது.

நாங்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். அந்த அம்மாளை நாங்கள் மக்சிக், அதாவது மலாயில் அத்தை, என்றே அழைத்தோம், வேறு பெயரிட்டு அழைத்ததில்லை. பினாங்குப் பாலம் திறந்து ஓராண்டு ஆகியிருக்கும், அதாவது 1986. அப்பாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. கடைச் சம்பளம் நின்றது. மக்சிக் ஒரு மாலை எங்கள் வாசலில் வந்து நின்று, ஓர் உறையை அம்மாவின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனார். உள்ளே இருநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட். அவர் கணவர் படகுத்துறையில் கூலி வேலை பார்த்தவர். அந்த இருநூறு அவர்கள் வீட்டில் என்ன பாடுபட்டுச் சேர்ந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

அப்பா எழுந்து நடமாடத் தொடங்கியதும் மாதம் இருபத்தைந்து வெள்ளியாக எட்டு மாதம் திருப்பிக் கொடுத்தார். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு. மக்சிக் வேண்டாம் என்று ஒருமுறையும் சொன்னதில்லை. வாங்கி, என் கண்முன்னே எண்ணி, தலையசைத்து, இடுப்பில் செருகிக்கொள்வார். அந்த எண்ணுதலில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பது பெரியவளான பிறகுதான் எனக்கு விளங்கியது. 'பரவாயில்லை, வைத்துக்கொள்' என்று அவர் சொல்லியிருந்தால் அப்பா அவர் முகத்தைப் பார்க்கக் கூசியிருப்பார். எட்டாவது மாதம் கடைசி இருபத்தைந்தையும் எண்ணி முடித்துவிட்டு, என் கன்னத்தைத் தட்டி ஒரு மலாய்ப் பழமொழி சொன்னார்: 'ஹூத்தாங் எமாஸ் போலே டிபாயார், ஹூத்தாங் பூடி டிபாவா மாத்தி.' பொன்னாகப் பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நன்றிக் கடனைச் சாகும்வரை சுமக்க வேண்டும்.

வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து, 'எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு' என்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கணக்கு.

கணக்கு நூலில் வராக் கடன் என்று ஒன்று உண்டு. வசூலாகாது என்று உறுதியானால் தள்ளுபடி செய்து பேரேட்டை மூடிவிடலாம். மக்சிக்கின் கடன் அப்படி மூடக் கூடியதில்லை, நேர் செய்யவும் முடியாது. ஆண்டுதோறும் இருப்பை அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோக மட்டுமே முடியும். நோன்புப் பெருநாள் தோறும் போகிறேன். மக்சிக் காலமாகிவிட்டார். அவர் மகள் இப்போது பாலிக் பூலாவில் இருக்கிறாள். முறுக்கு டின்னோடு போனால் கெத்துப்பாட் என்னும் ஓலையில் பொதிந்த சோறு நிறைந்த டின்னோடு திரும்புவேன். போன ஆண்டா போகாத ஆண்டா என்பதைச் சரிபார்க்க அந்த டின் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மறைத்தால் இந்தக் கட்டுரையே பொய் எடையாகிவிடும்.

ஆத்திசூடியில் 'அஃகஞ் சுருக்கேல்' என்பதற்கு அடுத்த அடி 'கண்டொன்று சொல்லேல்'. கண்டது ஒன்றாக இருக்க வேறொன்றைச் சொல்லாதே. கடைக்காரனுக்கு ஓர் அடி, உடனே கணக்கருக்கு ஓர் அடி. 1998-இல் பாலத்துக்கு அக்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஒரு டாலருக்கு 4.88 ரிங்கிட் வரை போய், செப்டம்பர் 2-ஆம் தேதி 3.80 என்று அரசு நிலைநிறுத்திய ஆண்டு அது. இறக்குமதியை நம்பியிருந்தவர்கள் எல்லாம் மூச்சுத் திணறினார்கள். ஆண்டு முடிவில் கிடங்கில் சரக்கு எண்ணியவள் நான். முந்நூற்று நாற்பது பெட்டிகள். அதில் நூற்றிருபது பெட்டிகள் கூரை ஒழுகி நனைந்து, அட்டை உப்பி, உள்ளே சரக்கு துருவேறிக் கிடந்தன. துருவைக் கையால் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது.

மேலாளர் முந்நூற்று நாற்பதையும் வாங்கிய விலைக்கே எழுதச் சொன்னார். எல்லாருக்கும் வேலை போய்விடும் என்றார். வங்கி இதைப் பார்த்துத்தான் கடனைப் புதுப்பிக்கும் என்றார். எழுதினேன்.

அன்று மாலை பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த அடியை மீறினேன், அது எத்தனையாவது அடி என்பது வரை. வங்கி கடனைப் புதுப்பித்தது. பதினான்கு மாதம் கழித்து நிறுவனம் எப்படியும் மூடியது. அந்தப் பதினான்கு மாதத்தில் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்களில் அட்டைப்பெட்டி செய்து தரும் ஒரு முதியவர் இருந்தார். நம்மவர். பதினோராயிரம் வெள்ளி அவருக்கு நின்றுபோனது. கடைசி நாளில் அலுவலக வாசலில் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார்: 'கணக்கில் நீ இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் அம்மா கொடுத்துக்கொண்டிருந்தேன்.'

அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

'முள் எங்கே நின்றது என்று அன்றைக்கு உனக்குத் தெரிந்ததா?'

'தெரிந்தது அப்பா.'

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. தம் விரல்களை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வாசகம் மனிதனைக் காப்பாற்றும் என்று நான் நம்புவதில்லை. நோட்டில் அறுநூறு இருந்தும் அன்றைக்கு என் கை எழுதியது. வாசகம் முள்ளைக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் அதைக்கூடக் காட்டாத வாசகங்களால் எனக்குப் பயன் இல்லை. அன்றிலிருந்து நானே எண்ணாத சரக்கு நான் எழுதும் கணக்கில் ஏறுவதில்லை. இதனால் இரண்டு வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். வருமானம் சுருங்கிய மாதங்களில் 'ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை போகாறு அகலாக் கடை' என்ற குறள் கைகொடுத்தது. வருவாய் சிறுத்தால் செலவின் வாயையும் ஒடுக்கிக்கொள், கெட்டுவிட மாட்டாய். அம்மாவின் பால் டின் இன்னும் என்னிடம் இருக்கிறது.

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்பதை எங்கும் எழுதி வைத்திருக்கிறோம். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில்தான் கூடியது என்பதால், உலகைக் கேளிராக எண்ணும் இந்த வரியின் மீது நமக்குத் தனி உரிமை இருப்பதாகக்கூடத் தோன்றும். எனக்கும் பிடித்த வரிதான். ஆனால் இன்று யாவரும் எனக்குக் கேளிராக இருந்தார்களா என்று மாலையில் எப்படிக் கணக்குப் பார்ப்பது? அதே புறநானூறு 192-ஆம் பாட்டின் கடைசிக்கு வாருங்கள். 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.' இதைச் சரிபார்க்கலாம். டத்தோ பட்டம் பெற்ற ஒரு வாடிக்கையாளர் வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தேனா? அதே நாளில் கழிப்பறையைக் கழுவ வந்த வங்காளதேசத்துப் பெண் வணக்கம் சொன்னபோது கணினியிலிருந்து கண்ணை எடுத்தேனா? இரண்டுக்கும் விடை உண்டு, பல நாள் நல்ல விடை இல்லை.

அந்த 'அதனினும்' என்ற சொல்லைக் கவனித்துப் பாருங்கள். பூங்குன்றனார் இரண்டு தவறுகளையும் தட்டுக்கு ஒன்றாக வைத்துத் தூக்குகிறார். பெரியவர் முன் மலைத்து நிற்பதும் பிழைதான். ஆனால் சிறியவரை இகழ்வதன் தட்டுத்தான் கீழே இறங்குகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு மனிதர் இவ்வளவு நுணுக்கமாக எடை பார்த்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அப்பா போய்ப் பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் இப்போது புடவைக் கடை. சென்ற வாரம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுக் கடைத்தெரு வழியாக வந்தபோது மிளகு வாங்க நினைவு வந்தது. இரண்டு கடை தள்ளி ஒரு மளிகைக் கடையில் நுழைந்தேன். ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன், இருபது வயதுக்கு மேல் இருக்காது. சங்கிலித் தராசுக்குப் பதில் சிவப்பு எண்கள் ஒளிரும் மின்தராசு. இருநூற்றைம்பது கிராம் கேட்டேன்.

முதலில் வெறும் தாளை எடுத்துத் தட்டில் வைத்தான். எண் மினுக்கி நாலு கிராம் காட்டியது. ஒரு பொத்தானை அழுத்தினான். சுழியம் ஆனது. எண் அசையாமல் நிற்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகுதான் மிளகை அள்ளினான். 250 வந்ததும் நிறுத்தி, தாளை மடித்து, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

'யார் தம்பி இப்படிச் சொல்லித் தந்தது?' என்று கேட்டேன்.

'எது அக்கா?' என்றான். நான் எதைக் கேட்கிறேன் என்று அவனுக்கு விளங்கவில்லை. என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. பணத்தை நீட்டினேன். சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கூடையிலிருந்து ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலையை எடுத்துப் பொட்டலத்தின் மேல் வைத்தான்.